ஒன்பதாவது கேள்வி

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் நான் ஆராய்ச்சியாளன். அக்கா மகள் "ஆராய்ச்சி உதவியாளர்" என்றுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த "உதவியாளர்" வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

அவள் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உளவியல் நிபுணர். மனம் நொந்து தங்களையே காயப்படுத்திக்கொண்டு வந்தவர்கள், தேறி வீடு திரும்பிய பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. அவர்களுக்கு ஃபோன் செய்து, படிவத்திலுள்ள பதினொரு கேள்விகளைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுத ஒரு நல்ல குரல் வேண்டும் என்றாள். ஊரில் நல்ல குரல் யாருடையது? பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் அறிவிப்பாளன் நான். என் குரலைக் கேட்டு ஓடிவந்து பஸ் பிடித்தவர்கள் ஒரு கோடிப் பேராவது இருப்பார்கள். (ஒரு லட்சம் நிச்சயம்.)

செய்தியை மனைவியிடம் சொன்னேன். "பேசுறதே ஒரு வேலையா? அப்ப இத்தன வருஷம் என்கிட்ட வீணாக்கிட்டீங்களே" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

மருத்துவமனை மாடியில் சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கதவில் "பேட்டி நடக்கிறது" என்ற அட்டை. அந்த அட்டையை மாட்டும்போது முதுகு தானாக நிமிர்கிறது.

இன்று மூன்று பேர். மூன்றாமவர் தையல்காரர். எனக்கு எடுத்தவுடன் கேள்விக்குப் போகிற பழக்கம் கிடையாது. ஒருதரம் அறிவிப்பில் ஊரை மாற்றிச் சொல்லி, ஒரு கல்யாணக் கோஷ்டியையே வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்ட கதையைச் சொன்னேன். மனிதர் சிரித்தார். பிறகு சட்டைப் பேச்சு. எனக்கு நெஞ்சு நாற்பத்திரண்டு, இடுப்பு முப்பத்திரண்டு என்றேன். "பயில்வான் அளவு சார்" என்று வியந்தார்.

படிவத்தில் "பிற குறிப்புகள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்: நன்றாகச் சிரித்தார், உற்சாகமாக இருக்கிறார், என் பேச்சு மருந்துபோல் வேலை செய்கிறது.

ஒன்பதாவது கேள்விதான் கொஞ்சம் இடிக்கிறது. "கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தது?" சிரித்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம் போய் இதைக் கேட்பானா ஒருவன்? பூஜ்யம் என்று நானே போட்டுவிட்டேன். பார்த்தாலே தெரிகிறதே. (ஃபோனில் எங்கே பார்த்தேன் – சரி, கேட்டாலே தெரிகிறதே.)

மார்ச் 12, வியாழன்

மொத்தம் பதினான்கு பேர் முடிந்தது. பதினான்கிலும் ஒன்பதாவது பூஜ்யம். இந்த ஆய்வு வெளிவந்தால் உலகமே என்னைத் தேடி வரும் என்று மனைவியிடம் சொன்னேன். வருகிறபோது தண்ணீர் கேன் ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள் என்றாள்.

மார்ச் 16, திங்கள்

அக்கா மகள் படிவங்களையெல்லாம் மேசையில் பரப்பி வைத்திருந்தாள். கதவில் அந்த அட்டையையும் மாட்டியிருந்தாள். பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

"மாமா, பதினாலு ஊர்ல மழை பெய்யுதான்னு கேட்டாக்கூட ஒரு ஊர்லயாவது பெய்யும். இங்க ஒருத்தருக்குக்கூட இல்லையா?"

எல்லாம் என் குரலின் ராசி என்றேன். அவள் சிரிக்கவில்லை. கேட்டீங்களா, இல்லையா என்று மூன்று தரம் கேட்டாள். மூன்றாவது தரம், இல்லை என்று ஒப்புக்கொண்டேன். நாமே கேட்டு, இல்லாத எண்ணத்தை அவர்கள் தலையில் ஏற்றிவிடக்கூடாதே என்றுதான் விட்டேன் என்றேன். அது முழுப்பொய்யில்லை.

"கேக்குறதால யாருக்கும் அந்த நெனப்பு புதுசா வர்றதில்ல மாமா. அத எவ்வளவோ பேர் ஆராய்ஞ்சு பாத்தாச்சு. உள்ள இருக்குறவங்களுக்குத்தான் சொல்ல ஒரு வழி வேணும். அந்த வழிய நீங்க அடைச்சிட்டீங்க."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சின்னப் பிள்ளையில் என் தோளில் ஏறி பஸ் பேரெல்லாம் கத்தின பெண். படிவங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே, நடந்ததை, ஆய்வை வழிநடத்துகிற பேராசிரியரிடம் இன்றே சொல்லப் போவதாகச் சொன்னாள். நாளைக்குப் பதினான்கு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். ஆய்வு போனால் போகட்டும், இதில் யாராவது ஒருவர் நிஜமாகவே ஆபத்தில் இருந்தால் என்றாள்.



மார்ச் 17, செவ்வாய்

அவர்களுக்குப் பழக்கமான குரல் என்னுடையது என்பதால் நானே கேட்க வேண்டும், அவள் பக்கத்தில் இருப்பாள் என்று ஏற்பாடு. முதல் நான்கு பேரும் "இல்லை" என்றார்கள். கேட்டதற்கு ஒருவரும் கோபிக்கவில்லை. ஒரு அம்மா நன்றிகூடச் சொன்னார்.

ஐந்தாவது தையல்காரர். கதை ஒன்றும் சொல்லவில்லை. கேள்வியைப் படித்தேன். மைக்கில் ஒருநாளும் நடுங்காத குரல் நடுங்கியது.

"நாலு நாள் சார்," என்றார். "போன தடவையே நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். பஸ் கத சொல்லிட்டு வச்சிட்டீங்க."

சிரிச்சாரே, அந்த மனுஷன் எனக்காகத்தான சிரிச்சிருக்காரு – நான் சந்தோஷப்படணும்னு.

"தப்பு என்னோடதுங்க. இப்ப கேக்குறேன், சொல்லுங்க" என்றேன். சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அக்கா மகள் ஃபோனை வாங்கி, அவசரமே இல்லாதவள்போல அரைமணி நேரம் பேசினாள். மதியம் அவருடைய தம்பி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாடிப்படியில் தூரத்திலிருந்து பார்த்தேன். கழுத்தில் அளவு நாடா. எடுக்க மறந்து அப்படியே வந்துவிட்டார்போல.

மீதி ஒன்பது பேரையும் இன்றே கேட்டு முடித்தோம். இன்னொருவருக்கும் இருந்தது, இரண்டு நாள். அவருக்கும் நாளைக்கே வர நேரம் கொடுத்தாயிற்று.

மார்ச் 23, திங்கள்

ஆய்வுக் குழுவின் முடிவு வந்தது. என் பதினான்கு பழைய படிவங்களும் கணக்கில் சேராது. ஏன் என்பதையும் ஆய்வில் எழுத வேண்டும். அக்கா மகளுக்கு இரண்டு மாத வேலை கூடுதல். நான் மறுபடி பயிற்சி பெற்று, பேராசிரியர் முன்னால் கேட்டுக் காட்டிய பிறகுதான் ஃபோனைத் தொடலாம். உலகம் தேடி வருவது கொஞ்சம் தள்ளிப்போகிறது.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று வீட்டில் பெரிய கூத்து. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒன்பதாவது கேள்வியைப் பழகிக்கொண்டிருந்தேன். குழையாமல், இருமாமல், நேராகக் கேட்க வேண்டும். ஏழெட்டுத் தரம் சொல்லியிருப்பேன். கதவு படபடவென்று தட்டுகிறது. திறந்தால் மனைவி, கையில் கரண்டி, முகமெல்லாம் வெளுத்துப்போய்.

"ஏங்க, உங்களுக்கு அப்படி ஏதாவது தோணுதா? எங்கிட்ட சொல்லுங்க."

கையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர அவள் காத்து நின்றது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. பயிற்சி என்று விளக்கியதும் அந்தக் கரண்டியாலேயே தோளில் ஒன்று வைத்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. நான்தான் துடைத்தேன்.

இருந்தாலும் நல்ல கேள்வி அது. உட்கார்ந்து சொல்லுங்கள் என்று எனக்கே யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

பேராசிரியர் முன்னால் தேறிவிட்டேன். "இப்போது சரியாக இருக்கிறது" என்றார். வீட்டில், எழுந்து நின்று கைதட்டினார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். படிவத்துக்கு மட்டும்தானே நிஜம்.

மே 12, செவ்வாய்

தையல்காரர் வாராவாரம் சிகிச்சைக்கு வந்துபோகிறார். கடையை மறுபடி திறந்துவிட்டார். இன்று அவருக்கு இரண்டாம் சுற்று ஃபோன். ஒன்று முதல் எட்டு வரை ஆயிற்று. ஒன்பதாவதைக் கேட்டேன். காத்திருந்தேன். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"ஒரு நாள் சார். அன்னிக்கே தம்பிகிட்ட சொல்லிட்டேன். அடுத்த நாள் இங்க வந்து மேடத்தையும் பாத்தாச்சு."

பூஜ்யம் போடக் கை எவ்வளவு துடித்தது என்பது எனக்கும் பேனாவுக்கும்தான் தெரியும். ஒன்று என்று எழுதினேன். அவருக்கு அதைத் திரும்பப் படித்தும் காட்டினேன். பதினொன்றும் முடிந்து, அக்கா மகளிடமும் சொல்லியாகிவிட்டது.

வைக்கப் போகும்போது அவராகவே ஆரம்பித்தார். ஆய்வெல்லாம் முடிந்த பிறகு கடைக்கு வரவேண்டுமாம், எனக்கு ஒரு சட்டை தைக்க ஆசையாம்.

"அந்தப் பயில்வான் அளவு ஞாபகம் இருக்கு சார். நெஞ்சு நாப்பத்திரெண்டு, இடுப்பு முப்பத்திரெண்டு. சரிதானே?"

கதவைப் பார்த்தேன், சாத்தியிருந்தது.

"நெஞ்சு முப்பத்தெட்டு, இடுப்பு நாப்பத்திரெண்டு" என்றேன். "மூச்சைப் பிடிக்காம."

சிரித்தார். ஃபோனை வைக்கிற வரைக்கும் சிரித்தார். இந்தத் தடவை எனக்காக இல்லை.

பிற குறிப்புகள் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.