மூன்றை அழுத்தினேன், மச்சாள்

என் அன்புத் தேவி மச்சாளுக்கு,

பாஸ். இதை முதலில் சொல்லாவிட்டால் "இழுக்காமல் விஷயத்துக்கு வா" என்பீர்கள். மூன்றாம் தரம் எடுத்த இங்கிலீஷ் சோதனையில், பேசுதல், கேட்டல் இரண்டிலும் பாஸ். லண்டனில் இருக்கிற உங்கள் தம்பியிடம், என் அவரிடம், போக இனி நான் விசாவுக்குப் போடலாம். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுப் போனை மேசையில் வைத்தேன். பிறகு அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். சந்தோஷப்பட உடம்பில் தெம்பில்லை.

யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. முதல் தரம் பெயிலாகி வந்து கதவடியிலேயே இருந்து அழுதபோது, "கிரமர் உனக்குத் தெரிஞ்சது காணும். காதுதான் பயப்படுது. அதுக்கு ஒரு வைத்தியம் செய்வம்" என்றீர்கள். அப்படி ஒரு வைத்தியத்தைக் கொழும்பு வெள்ளவத்தையில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

புடவைக் கடையில் காசாளர் வேலை முடிந்து வந்து, பிளேன்டீ குடித்த கையோடு போன் கம்பனிக்கு அடிப்பீர்கள். ஸ்பீக்கரில் போட்டு, படுக்கையாய்க் கிடக்கும் உங்கள் அம்மாவின், என் மாமியின், கட்டிலில் வைப்பீர்கள். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, இங்கிலீஷுக்கு மூன்று. நமக்கு எப்போதும் மூன்று. நான் கேள்வி கேட்க வேண்டும், அவர்கள் சொல்லும் பதிலை உங்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாம் வாங்கப்போகாத பேக்கேஜுகளில் விசாரிக்காதது ஒன்றும் மிச்சமில்லை. கொழும்பு எல்லையில் இருக்கிற பேலியகொடையைத் தாண்டிப் போகவே அலுத்துக்கொள்ளும் நீங்கள் துபாய்க்கு ரோமிங் விசாரித்தீர்கள்.

ஒரு நாள் எங்கள் இங்கிலீஷைக் கேட்டுப் பொறுக்க முடியாமல் ஒருவர், "மேடம், நீங்கள் தமிழிலயே கதைக்கலாம்" என்றார். உங்களுக்கு வந்ததே கோபம்! "தமிழ் வேணுமெண்டால் நாங்கள் ரெண்டை அமத்தியிருப்பமே தம்பி!" அதையும் தமிழில்தான் சொன்னீர்கள். பாரிசவாதத்தில் படுத்த பிறகு மாமி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

உங்களுக்கு ஒரு சோதனையும் இல்லை, ஒரு விசாவும் இல்லை. என் துணைக்காக நீங்களும் கூடப் படித்தீர்கள். லீக்ஸ் அரிந்துகொண்டே "டூவா, டஸ்ஸா?" என்று கத்துவீர்கள். "நீ போ. அம்மாவை நான் பாக்கிறன்." இதுதான் நம் ஏற்பாடு. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் கிளாசுக்கே போனேன்.

பிறகு ஒரு பின்னேரம் கடையில் நெஞ்சு நோகிறது என்றீர்களாம். ஆட்டோவில் ஏற்றினார்களாம். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது கதைக்க நீங்கள் இருக்கவில்லை. ஏன் மச்சாள், முதலே கொஞ்சம் நோகவில்லையா? நொந்தும் சொல்லாமல் இருந்தீர்களா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு உங்கள் நம்பரை வெட்ட வேண்டுமென்று போன் கம்பனிக்கு அடித்தேன். கை தன்பாட்டில் மூன்றை அழுத்திவிட்டது. ஒரு பிள்ளை இங்கிலீஷில் வணக்கம் சொன்னாள். நான் ஹலோ சொன்ன விதத்தைக் கேட்டுவிட்டு, "அக்கா, தமிழில சொல்லுங்கோவன்" என்றாள். நான், "இல்லை பிள்ளை, இங்கிலீஷிலயே கதையுங்கோ" என்றேன்.

ஏன் தெரியுமா? துக்கம் விசாரிக்க வந்த யாருக்கும் நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. மச்சாள் செத்துப்போனா என்று சொல்ல வாய் திறந்தால் "தேத்தண்ணி குடியுங்கோ" என்றுதான் வரும். இங்கிலீஷில் அது கிளாசில் தரும் பயிற்சி வசனம் மாதிரி வந்தது. "மை சிஸ்டர் இன் லோ ஹாஸ் டைட்." ஒரு பிழையும் விடவில்லை. அவள் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியது: மிகவும் வருந்துவதாகச் சொன்னாள், மரணச் சான்றிதழோடு கிளைக்கு வரச் சொன்னாள், வேறு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டாள். போனை வைத்த பிறகுதான் அழுதேன். மாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா.

சோதனைக்குப் போன அன்று மாமியோடு இருக்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து என் தங்கச்சி வந்திருந்தாள். ஹெட்போனை மாட்டினேன். முந்திய இரண்டு தரமும் பயத்தில் முதல் கேள்வியிலேயே காது அடைத்துவிட்டது. இந்தத் தரம் பயமே வரவில்லை. பயப்பட என்னிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை போல. ஏதோ ரயில், ஏதோ மேடை, யாரோ குடையை மறந்துவிட்டார்கள். கேட்டேன், பதில் சொன்னேன், பஸ்ஸைப் பிடித்து வந்தேன்.

மாமிக்கு ரிசல்ட்டைச் சொன்னேன். "நல்லது பிள்ளை" என்றா. கொஞ்சம் பொறுத்து, "அப்ப நீயும் போகப்போறாய், என்ன?" என்றா. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டா. நான் சோற்றை வடிக்கப் போனேன்.

இன்று உங்கள் தம்பி லண்டனிலிருந்து போன் எடுத்தார். அவருக்குச் சரியான புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. "இனியென்ன, அலுவல் முடிஞ்சுது. அம்மாவை ஒரு நல்ல முதியோர் ஹோமில விடுவம். காசை நான் அனுப்பிறன்" என்றார். உங்கள் செத்தவீட்டுக்கு லீவு கிடைக்காமல் வீடியோவில் பார்த்தவர் அவர். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. அங்கே தனியாகச் சமைத்துத் தின்று எத்தனை வருஷமாய்க் காத்திருக்கிறார்.

ஆனாலும் சொன்னேன்: "அதை நீங்கள் இங்க வந்து, அம்மான்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. பிறகு நான் விசாவுக்குப் போடுறன்."

"என்ன வசந்தி, இவ்வளவு பாடுபட்டுப் பாஸ் பண்ணிப்போட்டு…"

"ஓம். நான் என்ர சோதனையை எடுத்திட்டன். இது உங்கட சோதனை."

"பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவரோடு நான் இப்படிக் கதைத்ததில்லை. பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் சந்தோஷத்தில் என் தொடையில் கிள்ளியிருப்பீர்கள்.

நான் களைத்துப்போனேன், மச்சாள். ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மாமியை, ஏன் விட்டுப்போகிறார்கள் என்று அவவுக்கே தெரியாமல், ஏதோ ஓர் அறையில் விட்டுவிட்டு நான் பிளேன் ஏறமாட்டேன். அதற்காகப் போகாமலே இருந்துவிடவும் மாட்டேன். நீங்கள் என்னைப் படிப்பித்தது போவதற்குத்தான். இரண்டையும் எப்படிச் செய்வது என்று இன்னும் தெரியாது. நாளைக்கு அவர் எடுத்தாலும் இதையேதான் சொல்வேன், மறுநாளும் இதையேதான், உங்கள் தம்பி வந்து தன் தாயின் கட்டிலில் உட்காரும் வரைக்கும்.

உங்கள் தம்பியைக் கட்டி வந்து,
உங்களுக்கே மச்சாளாகிப்போன
வசந்தி