அகல டயரும் பக்கத்து சீட்டும்

என்னங்க,

சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது. கார் சாவியைத் தேடாதீர்கள், வண்டியோடு டயர் கடைக்குப் போகிறேன்.

நேற்று நான் ஆசைப்பட்டு மாட்டிய அகல டயர் திருப்பத்தில் மட்கார்டில் கறகறவென்று உரசியதும், "நீங்க எடையக் குறைச்சா சரியாப் போயிடும்" என்றேன். "இனிமே இந்த வண்டியில கால் வைக்க மாட்டேன்" என்று இறங்கி பஸ்ஸில் போய்விட்டீர்கள்.

காலையில் டயர் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"வாங்கறதுக்கு முன்னாடி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இடைவெளிய எப்படிம்மா அளந்தீங்க?"

"விரல விட்டுப் பாத்தேன்."

"அப்ப வண்டிக்குள்ள யாரு இருந்தா?"

"யாருமில்ல, காலியா நின்னுது."

அவர் வெகுநேரம் இருமினார். சிரிப்பை அடக்கத்தான்.

இந்த வயதில் ஸ்போர்ட்ஸ் காரை அலங்கரிக்கக் கிளம்பிய மகாராணிக்கு, காருக்குள் மனிதர்கள் உட்காருவார்கள், உட்கார்ந்தால் வண்டி தாழ்ந்து இடைவெளி குறையும் என்பது மட்டும் தோன்றவில்லை. பழைய டயர்களையே மாட்டச் சொல்லிவிட்டேன்.

பி.கு: "தனியா ஓட்டினா உரசாதும்மா, அகலமானதையே வச்சுக்கங்களேன்" என்றார் கடைக்காரர். "தனியா எங்க தம்பி போறது?" என்றேன். சாயங்காலம் வாசலில் ஹாரன் அடிப்பேன். கோபத்தோடாவது வந்து ஏறிக்கொள்ளுங்கள்.