கல்லறைத் திருநாளில் புல் அறுக்கக் கூடாது, மச்சான்

என் பாசமுள்ள பெரிய மச்சானுக்கு,

நான் சொல்லச் சொல்ல நம் கோயில் உபதேசியார் எழுதுகிறார். திட்டு வருகிற இடத்திலெல்லாம் பேனாவை மூடிவிடுகிறார். அதையெல்லாம் நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவுக்கு டி.வி. வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை படம் என்றால் ஊரே அங்கேதான். உங்கள் செவலை மாடு சுகம். உங்களைத் தேடுகிற மாதிரி தெரியவில்லை.

உங்கள் தங்கச்சி லூர்து, தருமபுரியில் பங்களாத் தோட்ட வேலைக்குப் போனவள், அங்கிருந்து ஒரு புல் வேரை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாளே. கண்டக்டர் "என்னம்மா, கரும்பா?" என்றாராம். "பூ வுடும், வந்து பாருங்க" என்றாளாம். ஆள் உயரம் வளர்ந்து, ஐப்பசியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அவள் போனதும் அதைப் பெயர்த்து அவள் கல்லறைத் தலைமாட்டில் நட்டேன்.

அறுக்கும் பக்குவம் அவள் சொன்னதுதான். மாசியில், தாள் சருகாகி, அடியில் பச்சை எட்டிப் பார்ப்பதற்குள் அறுக்கணும். நடுவில் கயிறு போட்டுக் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுக்கணும். உங்களிடம் எத்தனை தடவை சொன்னேன்?

உங்களுக்கு எதையும் வழித்தெடுத்தால்தான் திருப்தி. உங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் மீசையையும் வழித்துக்கொண்டு வந்ததில், பெண் வீட்டார் ஆள் தெரியாமல் முழித்தார்களே! சரி, அது வேறு கதை.

மூன்று வருஷம், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், கொட்டுகிற மழையில், பூவோடு சேர்த்துத் தரை மட்டத்துக்கு அறுத்தீர்கள்.

"கல்லற காடாட்டம் கெடந்தா ஊரு சிரிக்கும் மாப்ள."

"சிரிக்கட்டுங்க! தண்ணி நின்னு தூரு அழுவிப் போவுது!"

"புல்லு அழுவுமா? போயி வூட்ல வேலயிருந்தாப் பாருங்க."

அழுகியது, மச்சான். மூன்றாம் வருஷம் நடுத்தூர் குழியாகி, ஓரத்தில் நாலு தாள்தான் தப்பியது. அவள் கைபட்டதில் எனக்கென்று வேறு என்ன மிச்சம்? அன்றைக்கு நின்றது நம் பேச்சு. சித்திரையில் உங்களை அவள் பக்கத்திலேயே புதைத்துத் தொலைத்தார்கள். அப்போதும் என் கோபம் ஆறவில்லை.

அந்த நாலு தாள் இந்த ஐப்பசிக்கு ஒரு கட்டாகிப் பூத்திருக்கிறது. அதற்குள் உங்கள் சம்சாரம் அரிவாளோடு வந்துவிட்டது.

"தள்ளுங்கண்ணா. அவரு இருந்தா இந்நேரம் செரச்சி முடிச்சிருப்பாரு."

"அவரு இல்லாததாலதான் இது உசுரோட நிக்குது. கைய வெக்காத."

"செத்த மனுசங்கிட்டயுமா சண்ட?"

"ஆமாம்மா. இருந்தப்ப செயிக்க முடியல."

அது சிரித்தது. பிறகு உங்கள் மண்மேட்டைப் பார்த்து அழுதது. "மாசியில கூப்புடுங்க. கயிறு நான் புடிக்கறேன்" என்று அரிவாளைச் சேலையில் சுற்றிக்கொண்டு போனது.

மாசியில் அறுப்போம், ஒரு சாண் விட்டு. அறுத்த கையோடு தூரைப் பிளந்து, பாதியை உங்கள் தலைமாட்டில் நடுவேன். இது சத்தியம். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு உங்கள் மேல் ஆள் உயரத்துக்கு அது பூத்து நிற்கும். ஒருத்தரையும் தொட விடமாட்டேன். முடிந்தால் எழுந்து வந்து அறுத்துப் பாருங்கள்.

இன்னும் உங்களோடு பேச்சில்லாத,
உங்கள் தங்கச்சி புருஷன்
சூசை