மழையில்லாமல் ஏறிய ஓடை

அன்புள்ள ஆர்ஃபாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே? உன் இருமல் நின்றதா? மலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சோள ரொட்டியும் பீன்ஸும் தினமும் உண்டு.

ஒரு வேடிக்கை கேள். இங்கே தண்ணீரை அளப்பதற்காக ஓடையைக் குட்டைச் சுவரால் மறித்து, நடுவில் வெட்டிய இடுக்கு வழியாகத் தண்ணீரை விடுகிறோம். சுவருக்கு மேற்புறம் தேங்கும் நீரின் மட்டம் ஏறி இறங்குவதைப் பேனா ஒன்று தாளில் கோடாக வரையும். மூன்று வாரமாக மழையே இல்லை. ஆனாலும் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கோட்டில் ஒரு மேடு. காட்டு மரங்களின் வேலை என்று எங்கள் அதிகாரி டக்கெட் கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டார். நேற்று மதியம் சொல்லாமல் வந்தவர், இடுக்கில் காலை நீட்டி ரொட்டி தின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டார்.

"அடப்பாவி வெர்லின்! தண்ணி ஏறினது உன் காலாலயா?"

"பெரிய காலுங்க. என் பொண்டாட்டியும் அதத்தான் சொல்லுவா."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ சிரித்துவிட்டு, ஒவ்வொரு மேட்டின் மேலும் 'வெர்லினின் கால்' என்று பென்சிலால் எழுதினார்.

இன்று கோடு நேராக ஓடியது, இங்கே ஆளே இல்லாததுபோல.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வேண்டும். நீயே கொண்டுவந்தால் நல்லது. சுவரைத் தாண்டிக் கீழ்ப்புறம் எத்தனை கால் நனைத்தாலும் கணக்கில் வராதாம், கேட்டுவிட்டேன்.

உன்
வெர்லின்