உன் போனுக்கு வந்த எண்

இன்று காலை என் மேஜைமேல் உன் போன் சிணுங்கியது. எத்தனை முறை சொல்லியும் நீ மாற்றாத அதே காதைப் பிடுங்கும் சத்தம். ஆபீஸ் போன் என்பதால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதை அணைய விடாமல் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன். குறுஞ்செய்தியில் வந்தது ஒரு ரகசிய எண். இணைய முகவரிப் பதிவேட்டில் பொறுப்பாளர் என்ற இடத்திலிருந்து உன் பெயரை எடுக்கிறார்களாம். உனக்குச் சம்மதமென்றால் அந்த எண்ணைப் போட வேண்டுமாம். உன்னை எடுக்க உன்னிடமே கேட்கிறார்கள். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நம் வேலை என்னவென்று நம் வீடுகளில் யாருக்குமே விளங்கியதில்லை. "எம் மருமக வயர் கம்பெனியில கணக்குப் பாக்கா" என்றுதான் உன் மாமியார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் நீ அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாய். "இந்தத் தெரு எங்க தெரு, இங்க வாரதெல்லாம் இந்த வழியா வரணும்னு உலகத்துக்கே தெரியுத மாதிரி ஒரு இடத்துல எழுதி வச்சிருக்கு அத்தே. அதை மாத்தணும்னா நாங்க சரின்னு சொல்லணும். அம்புட்டுதான்." அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கணக்குதானே" என்றார்.

நான் ராஜபாளையம் ஆபீசில், நீ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில். மாற்றத்தை எழுதுகிறவள் அதைத் தானே அனுமதிக்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். நான் எழுதினால் நீ போனில் வாசிக்க வேண்டும். அதுவும் கடைசி எழுத்திலிருந்து முன்னால் வர வேண்டும். "முன்னாலருந்து வாசிச்சா கண்ணு பழக்கத்துல தாண்டிரும் ஏட்டி. பின்னாலருந்து வந்தா ஒவ்வொண்ணா நின்னுதான் வரணும்." எனக்கு எரிச்சலாக வரும். நீ அசைய மாட்டாய்.

அந்த முதல் ஆடிப்பூரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேர் வருமுன் ரதவீதிகளின் குறுக்கே போகிற வயர்களையெல்லாம் இறக்கியாக வேண்டும். இறக்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க நம் இன்டர்நெட் லைன் செத்துவிடும். அதற்குமுன் வேறொரு பெரிய கம்பெனி வழியாக ஊரைத் திருப்பிவிட வேண்டும். அந்தக் கம்பெனியோ, நம் ஊருக்கு இனி அதன் வழியாக வரலாம் என்று பதிவேட்டில் எழுதியிருந்தால்தான் வழி திறக்கும். உன் ஜன்னலுக்கு வெளியே ஏணியோடு நின்றவர்கள் "இறக்கலாமா தாயி, இறக்கலாமா" என்று கத்துவது எனக்கே கேட்டது. "பொறுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நீ பின்னாலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றாய்.

"ஏட்டி, அடுத்தவன் தெருவுல போயி நம்ம பேரை எழுதப் பாத்தியே!"

முகவரியில் ஒரே ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்திருந்தேன். அது அப்படியே போயிருந்தால் அந்தக் கம்பெனி வழியைத் திறந்திருக்காது. தேர் ஓடும் நாளில் ஊரே நம்மைத் திட்டித் தீர்த்திருக்கும். திருத்தி அனுப்பினோம், நீ அனுமதித்தாய், வயர்கள் இறங்கின. நான் ரோஷத்தில் உன்னோடு பேசவில்லை. தேர் உன் தெருவுக்கு வந்தபோது நீ என்னைக் கூப்பிட்டு, போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாய். வடம் பிடிப்பவர்களின் கூச்சலும் மேளமும் என் காதை அடைத்தன. அதற்குமேல் யாரால் கோபமாக இருக்க முடியும்?

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், "தேருக்குள்ள வந்திருவேன், அதுக்குள்ள எதையும் மாத்திப்புடாத" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாய். நான் மாற்றவில்லை. நீ போன பிறகும் மாற்றவில்லை. அந்த ஒரு இடத்தில் இன்னும் நீதான் சரி சொல்ல வேண்டும் என்றிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது மறுபடி ஆடி வந்துவிட்டது. இந்த வருஷம் வேறு கம்பெனி. 'உங்கள் பொறுப்பாளர் எங்கள் மெயிலுக்குப் பதிலே போடவில்லை, அவர் உறுதி செய்யாமல் வழி திறக்க முடியாது' என்று எழுதிவிட்டார்கள். இனியும் நான் உன்னைப் பிடித்து வைத்திருந்தால் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர் இருண்டுவிடும். அதற்கு நீயே என்னை மன்னிக்க மாட்டாய்.

உன் நாற்காலியில் இப்போது முத்துமாரி இருக்கிறாள். உனக்கும் அவளைப் பிடித்திருக்கும்; அவளும் லேசில் அசைவதில்லை. இன்று காலை உன் பெயரை எடுத்து அவள் பெயரை எழுதினேன். அவளை போனில் கூப்பிட்டுப் பின்னாலிருந்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"அக்கா, செல் நம்பர் இடிக்குதே. இது என் நம்பர் இல்ல."

பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே உன் எண்ணை அடித்து வைத்திருந்தேன். விரல் தானாகப் போயிருக்கிறது. "அது அவ நம்பர்" என்றேன். அவள் மெதுவாக, "ஒண்ணும் அவசரம் இல்லக்கா. திருத்துங்க, நான் இருக்கேன்" என்றாள்.

திருத்தினேன். மறுபடி கடைசியிலிருந்து வாசித்தாள். "சரியா இருக்குக்கா, போடுங்க" என்றாள். போட்டேன். அப்போதுதான் உன் போன் சிணுங்கியது.

வெகுநேரம் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு உன் போனைக் கையில் எடுத்து, உன் பழக்கப்படி எண்ணைக் கடைசியிலிருந்து ஒருமுறை வாசித்துவிட்டு, உனக்காக நானே போட்டேன். திரையில் உன் பெயர் இருந்த இடத்துக்கு முத்துமாரி வந்துவிட்டாள். தேரன்று போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்; எதற்கென்று அவள் கேட்கவில்லை.

உன் போனைச் சார்ஜிலிருந்து கழற்றினேன். பதிவேட்டில் இனி நீ இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உன் எண்ணைப் பின்னாலிருந்து சொல்லிப் பார்த்தேன் ஏட்டி. ஒரு இலக்கம்கூடத் தப்பவில்லை.