டிராகன் கோட்டையில் மாமா

நவம்பர் 8, 1988. செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கொல்லைக்கதவு ஊறிப்போய்ச் சாத்த முடியவில்லை. மாமனாருக்கு உடம்பு துடைத்து, கைலி மாற்றி, கஞ்சி. பாதி வாயோரம் வழிந்துவிட்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து வலப்பக்கம் மரக்கட்டை. பேச்சும் போச்சு. கப்பலில் அத்தனை பேரையும் அதட்டி வேலை வாங்கியவராம். இப்போது நாற்காலியில், சுவரைப் பார்த்தபடி.

பிறகு கம்ப்யூட்டர். என்னைக் கட்டிய மச்சான் போன லீவில் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டுப் போனது. ஒரே ஒரு விளையாட்டு கேசட். டிராகன் கோட்டை. அடுக்கடுக்காகக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். வாள், சூனியக்காரி, பாய்மரம், டிராகன் முட்டை. ஒரே மாதிரி இரண்டைச் சேர்த்தால் மறையும். இருபுறமும் கல் நெருக்கினால் எடுக்க முடியாது. ஜோடி கிடைக்காவிட்டால் டிராகன் சிரிக்கும். இன்றும் சிரித்தது.

மாமி: "கல்யாணமான பொண்ணு வெளாடுற வெளாட்டா இது?"

மாடியில் நிற்கக்கூடாது. தனியாகக் கடைத்தெரு கூடாது. உம்மா வீட்டுக்குப் பெருநாளைக்கு மட்டும். இதுவும் கூடாதா?

நவ. 10, வியாழன்

வெயில். மண்டபத்தூர் மீன்காரம்மா கொடுவா கொண்டுவந்தாள். வாங்க வேண்டியது: மாமா மாத்திரை, சீயக்காய், டார்ச் செல்.

விளையாடிக்கொண்டிருந்தபோது பின்னால் "ம்... ம்..." என்று சத்தம். திரும்பினால் மாமாவின் இடது கை டிவியை நோக்கி நீண்டிருக்கிறது. ஓரத்தில் ஒரு பாய்மரம், உச்சியில் இன்னொன்று. என் கண்ணில் படவே இல்லை. எடுத்தேன். மறுபடி "ம்...". இரண்டு வாள். சரிதான்.

மாமியைக் கூப்பிட்டேன். கதவு நிலையில் நின்று பார்த்தார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீன் கழுவப் போய்விட்டார்கள்.

நவ. 14, திங்கள்

தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்டம். முதலில் மாமா "அது" என்றார். இன்று "வாளு". டாக்டர் வந்து கேட்டுவிட்டு, "இத நிறுத்திடாதீங்க" என்றார். வருகிறவர்களிடமெல்லாம் மாமி, "எம் மருமவளாலதான் பேச்சு வந்துச்சு."

சந்தோஷம்தான். ஆனால் இப்போது நான் குளிக்கப் போனாலும் மாமா கூப்பிடுகிறார். நான் ஊட்டினால்தான் சாப்பாடு.

நவ. 19, சனி

பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது, நானும் மாமியும் போனோம். மச்சான். எனக்கு விசா வந்துவிட்டதாம். "ரூம் பாத்துட்டேன். பால்கனிகூட இருக்கு." பால்கனி. ரிசீவரை மாமியிடம் கொடுத்துவிட்டு வாசல் வரை ஓடிவந்தேன், சிரிப்பு தாங்காமல்.

வீட்டுக்கு வந்ததும் மாமி: "நீ போயிட்டா அவங்க திரும்பவும் செவத்தப் பாத்து உக்காந்துருவாங்க. ஒன் வாப்பா தேறட்டும், அப்பறம் பாக்கலாம்னு அவன்ட்ட சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க மாமி?"

"சரின்னான்."

அவ்வளவுதான். சரி.

நவ. 20, ஞாயிறு

தலைவலி என்று படுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் போடவில்லை. "புள்ள" என்று மாமா கூப்பிட்டார். கேட்காத மாதிரி இருந்தேன். கை கால் விழுந்தவர்மேல் என்ன கோபம்? ஆனாலும் கோபம். பேச வைத்தது நான். அதனாலேயே இங்கே கிடக்கப் போவதும் நான். தலையணை நனைந்துபோச்சு.

நவ. 21, திங்கள்

மனசு கேட்கவில்லை. கேசட் போட்டு, கீபோர்டை மாமா மடியில் வைத்தேன். "நீங்களே வெளாடுங்க மாமா." வெடுக்கென்றுதான் சொன்னேன். அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். வெகுநேரம் கீபோர்டு தட்டும் சத்தம். நின்று, மறுபடி தட்டும்.

"புள்ள."

போனால், கோட்டையில் ஒரு கல்கூட இல்லை. கதவு திறந்திருக்கிறது. டிராகன் தலைகுனிந்து நிற்கிறது. இத்தனை மாதத்தில் இதை நான் பார்த்ததே இல்லை. மாமியும் வந்தார்கள். மாமா என்னைப் பார்க்கவில்லை, மாமியைப் பார்த்தார்.

"நானே... வெளாடுவேன்." மூச்சு வாங்கினார். "அவள... அனுப்பு."

மாமி அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். ஏதாவது சொல்வார்களென்று பாத்திரம் கழுவும்வரை காத்திருந்தேன்.

நவ. 22, செவ்வாய்

மறுபடி மழை. காலையில் அடுப்படியில் மாமி, என் முகத்தைப் பார்க்காமல், தேங்காயைத் துருவிக்கொண்டே:

"அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய எப்படிப் போடுறதுன்னு எனக்குக் காட்டிட்டுப் போ."