யார் வந்து சொல்வார்கள்?

இன்று காலை பிரிஞ்சாங் மலை நகரத்து அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும், போய்ச் சேராத குறுஞ்செய்திகளின் பட்டியல் வந்து நின்றது. பதினேழும் ஒரே எண்ணுக்கு அனுப்பியவை. உன் எண். நீ மறைந்து இரண்டு மாதமாகிறது. நான் நடத்தும் மருத்துவமனை முன்பதிவுச் சேவைக்கு அது தெரியாது. சாவு வீட்டுக்கு வந்திருந்த எனக்கும் அந்த எண்ணை மாற்றத் தோன்றவில்லை.

அந்த எண்ணை நான் முதலில் பார்த்ததும் இதே திரையில்தான். சேவை தொடங்கிய புதிதில், பதினேழு பெயர்களுக்கு ஒரே கைபேசி. முன்பதிவை விற்கும் இடைத்தரகர் வேலை என்று உடனே முடிவு கட்டினேன். ஓர் எண்ணுக்கு ஓர் ஆள் என்ற விதியை எழுதியவளே நான். எல்லா முன்பதிவுகளையும் நிறுத்திவைத்துவிட்டு, விசாரிக்க உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்தேன்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையைத் தாண்டிய வளைவில் நீ நின்றுகொண்டிருந்தாய். தோட்டத்தில் அங்கு மட்டும்தான் சிக்னல் எடுக்கும். உன்னைச் சுற்றி, அடையாள அட்டைகளோடு வயதானவர்கள்.

"மேடம் வந்துட்டாங்க லா. ஒழுங்கா வரிசையில நில்லுங்க," என்றாய். தோட்டப் பள்ளியில் ஆறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நீ. என்னை ஒருநாளும் மேடம் என்று நினைத்ததில்லை.

"ஒருத்தருக்கு ஒரு நம்பர்தான்டி. இல்லன்னா ஏஜெண்டு பூந்துருவான்."

"ஏஜெண்டு பூந்துருவான்னு அத்தை குருடாப் போகணுமா? கண்ணு ஆபரேசனுக்கு அவங்க தேதியத்தான் நீ நிப்பாட்டிட்ட."

உன் பக்கத்து வீட்டு அத்தையைக் காட்டினாய். சொந்த எண் இல்லையா என்று அவரிடம் கேட்டேன்.

"போன் எதுக்கும்மா எனக்கு? ஆசுபத்திரில கூப்பிட்டா, இவதான வந்து சொல்லப்போறா."

நாங்கள் எண்ணைக் கேட்டது ஆளை அடையத்தான். ஆளை அடைய வழி நீதான். என் படிவம் அதைக் கேட்கவே இல்லை.

அப்போதும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் பெயரில் நீ எதையாவது மாற்றினால் யாருக்குத் தெரியும் என்றேன்.

"சந்தேகப்படுறதுக்குத்தான் ஒனக்குச் சம்பளமா? மாத்தணும்னா ஆளு நேர்ல வரணும்னு போடு. சேதி மட்டும் எனக்கு வரட்டும்."

அப்படியே செய்தேன். 'உங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்?' என்ற கேள்வி படிவத்தில் ஏறியது. மேலதிகாரிகள் தயங்கினார்கள், நான் தயங்கவில்லை. ஒரு கண் சரியான பிறகு அத்தை என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஒனக்கும் நரைச்சிருச்சா?"

ஒன்றை மட்டும் நாம் இருவரும் யோசிக்கவில்லை. வந்து சொல்பவளே இல்லாமல் போனால்? அத்தையின் இன்னொரு கண்ணுக்கான தேதி இன்றைய பட்டியலில் இருந்தது. நாளை மறுநாள்.

மதியமே தோட்டத்துக்குப் போனேன். வீடு வீடாகத் தேதியைச் சொல்லி, இனி வந்து சொல்ல ஆளுக்கு இரண்டு பெயர்கள் கேட்டு எழுதினேன். இனி படிவமும் இரண்டு கேட்கும். பெரும்பாலோர் மகளையோ மருமகளையோ சொன்னார்கள். அத்தை மட்டும் என்னைக் காட்டினார்.

"ஒன் நம்பரப் போடேன். இன்னிக்கி நீதான வந்து சொன்ன."

என் எண்ணை நான் எளிதில் யாருக்கும் தருவதில்லை. உனக்கே வருடக்கணக்கில் தராதவள். முதல் இடத்தில் அதை எழுதினேன். நாளை மறுநாள் காலை ஆறு மணிக்குக் காரோடு வந்து கூட்டிப்போவதாகவும் அத்தையிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.